பலகையின் பின்பாதி

என் மகனைக் கட்டிக்கொண்டவளும் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளுமான அருமை மருமகளுக்கு, உன் மாமனார் தன் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம். நான் நலம். சைக்கிளும் நலம். நீயும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரன் நலத்தை மட்டும் விசாரிப்பதாக இல்லை. காரணம் கீழே வருகிறது.

முதலில் இந்தக் கோழிக் கிறுக்கலுக்கு என்னை மன்னித்துவிடு. நான் தங்கியிருக்கிற விடுதியில் மேசைக்கு ஒரு கால் குட்டை. அதோடு என் கை லிஃப்ட் ஓட்டின கை. வரி கீழே ஆரம்பித்தாலும் முடிகிற இடத்தில் அடுத்த மாடிக்குப் போய்விடுகிறது. பெரிதாக இருக்கிற எழுத்தெல்லாம் எனக்கு நன்றாக வருகிறவை, சின்னதாக இருப்பவை பயந்துகொண்டே எழுதியவை. இந்த ‘பொ’, ‘கோ’ வகைதான் உயிரை வாங்குகிறது. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து, இரண்டு போலீஸ்காரர் நடுவே திருடனை உட்காரவைத்த மாதிரி. பல இடங்களில் முன்னால் போகிற போலீஸ்காரரை நிறுத்திவிட்டுப் பின்னால் வருகிறவரை மறந்திருப்பேன். நீயே நிறுத்திக்கொள். டாக்டர்கள் எழுதுவதையே படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நீ, இது உனக்கு எம்மாத்திரம்? ஆனால் இந்தக் கடிதத்தை மருந்துக் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதே. உன் முதலாளி பார்த்தால் இதற்கும் இருமல் மருந்து கட்டிக் கொடுத்துவிடுவார்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் உன் வீட்டுக்காரன் பிடுங்கிக்கொண்டு பேசுவான். கடிதத்தைப் பிடுங்கலாம், பிடுங்கினாலும் அதில் அவனால் பேச முடியாது பார்.

விஷயம் இதுதான். முந்தாநாள் நீ போனில், “மாமா, அவரு மெத்தைக் கடை வேனை எடுத்துக்கிட்டு உங்களைத் தேடிக் கிளம்பறாரு, உள்ள மெத்தை போட்டு உங்களைப் படுக்கவச்சே கூட்டிட்டு வருவாராம்” என்று சொன்னாயே, அவனை எப்படியாவது நீ நிறுத்த வேண்டும். காலில் விழு, அழு, கடைக்குத் திருடன் வந்தான் என்று சொல், என்ன வேண்டுமானாலும் செய். எனக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. இந்தச் சாலை முடிகிற ஊரின் பெயர்ப் பலகை முன்னால் நின்று அதை நான் என் வாயால் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். படித்து முடித்த பிறகு அவன் என்னை மெத்தையோடு சுருட்டிக் கயிறு கட்டிக்கூடக் கொண்டுபோகட்டும். ஊர்ப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீ இல்லாத நேரம் பார்த்து அவன் படித்துவிட்டு நேராக அங்கே போய் வேனைக் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்பான்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நீ கேட்டதில்லை, அதனாலேயே உனக்குச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கட்டடத்தில், கீழ்த்தளத்து லிஃப்ட் கதவுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருந்தது. கதவு திறந்தால் அதுதான் முகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் முழுக்கப் பச்சை, போகப் போக மஞ்சள், இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரே ஒரு சிவப்புக் கோடு. (அந்த ‘ஞ’வைப் பார்த்தாயா? எனக்கு அது அழகாக வருகிறது, அதற்காகவே மஞ்சளை விடாமல் சொன்னேன்.) எண்கள் எனக்குத் தெரியும், பொத்தானில் இருக்கிறதே. எழுத்துதான் தெரியாது. அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்று யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் லிஃப்டில் ஏறுகிறவர்கள் என்னிடம் மாடி எண்ணைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார்கள், நானும் பேசினதில்லை. வேலையை விட்டு வந்து, சமையலறை மேசையில் உட்காரவைத்து நீ எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிறகு, ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் அங்கே போனேன். வரைபடத்தின் மேல் விரலை வைத்து, கோட்டின் கடைசியில் இருந்த பேரைக் கூட்டிப் படித்தேன். படித்து முடித்ததும், சரியான மாடியில் வந்து நின்ற மாதிரி உள்ளே ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நிஜமாகக் கேட்டது. காலமெல்லாம் மேலேயும் கீழேயுமே போய்வந்தவன் ஒரு தடவை பக்கவாட்டில் போனால் என்ன குடி முழுகிப்போய்விடும்?

சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனேன் என்று உன் வீட்டுக்காரன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறானாமே, அது சுத்தப் பொய். சாப்பிடும்போது கேட்டேன். நீதான் பரிமாறினாய். “அப்பா, நீங்க தனியா சைக்கிள்ல போறதுக்கு நான் சரின்னு...” என்றான். ‘சரின்னு’ காதில் விழுந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதற்கப்புறம் “சொல்லவே மாட்டேன்” என்று முடித்தானாம். ஆள் தெருமுனை தாண்டின பிறகு வாக்கியத்தை முடித்தால் அதற்கு நானா பொறுப்பு?

சைக்கிள் உன் மாமியாரின் தம்பி கொடுத்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் பனைமரம். எனக்குப் பெடல் எட்டுகிறது, தரை எட்டவில்லை. சீட்டைத் தாழ்த்தலாமே என்பாய். இது தாழ்த்தின உயரம். அதனால் ஏறவும் இறங்கவும் எனக்குக் கிலோமீட்டர் கல் வேண்டும். கல்லில் காலை ஊன்றி இறங்குவேன், கல்லின் மேல் நின்று ஏறுவேன். நடுவில் தாகம் எடுத்தாலும் சரி, வேறு அவசரம் வந்தாலும் சரி, அடுத்த கல் வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். இதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் பலகைகளால்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகை வரும், நான் நிற்க முடியாது. முதல் எழுத்தைப் பிடிப்பேன், இரண்டாவதைச் சேர்ப்பேன், பாதி கூட்டுவதற்குள் பலகை முதுகுக்குப் பின்னால் போய்விடும். முன்பாதிதான் எனக்குக் கிடைக்கும், பின்பாதியை நானே போட்டுக்கொள்ள வேண்டும். நல்ல மனசோடுதான் போட்டுக்கொண்டேன். அதுதான் தப்பாகிவிட்டது.

முதலில் காடு. மழை என்றால் மேலேயிருந்து மட்டும் வருவது என்று நினைத்திருந்தேன். அங்கே இலையிலிருந்து வருகிறது, பக்கவாட்டில் வருகிறது, சக்கரத்திலிருந்து கிளம்பி மூக்குக்கு வருகிறது. ஒவ்வொரு மரமும் எட்டு மாடி உயரம், லிஃப்ட் இல்லாமலே குரங்குகள் ஏறி இறங்குகின்றன, என்னைப் பார்த்து ஒன்றுகூட மாடி எண் சொல்லவில்லை. காலில் அட்டை ஏறிக்கொண்டு இலவசமாகச் சவாரி செய்தது. நான் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன். காடு முடிந்து வாழைத்தோட்டம் ஆரம்பிக்கிற இடத்தில் மழை விட்டு நல்ல வெயில், நல்ல இறக்கம். ஒரு பலகை வந்தது. ‘இவ்வழியே செல்ல’ வரைக்கும் கூட்டினேன், பலகை போய்விட்டது. ஆகா, வழிப்போக்கனைத் தாராளமாகப் போ என்கிறார்கள் என்று போனேன். புதிதாகப் போட்ட சிமென்ட் சாலை, ஈரம்கூடக் காயவில்லை. வேகம் குறைந்து குறைந்து சைக்கிள் தானாக நின்றது. சாயவும் இல்லை. கல் இல்லாமல், கால் ஊன்றாமல், சைக்கிள் மேலேயே நிம்மதியாக உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மேஸ்திரி தலைத்துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“யோவ் பெரியவரே! பலகையில என்ன போட்டிருக்கு?”

“இவ்வழியே செல்லன்னு போட்டிருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் தாண்டிட்டேன்பா.”

அவர் என்னைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், கூட இருந்தவர்களைப் பார்த்து, “பிடுங்குங்கடா” என்றார். நாற்றைப் பிடுங்குகிற மாதிரி என்னையும் சைக்கிளையும் சேர்த்தே பிடுங்கி ஓரத்தில் நட்டார்கள். நல்ல மனிதர்கள். சக்கரத்தைக் கழுவத் தண்ணீர் கொடுத்து, தூக்கி உட்காரவைத்து, தள்ளியும் விட்டார்கள். கொஞ்சம் வேகமாகவே தள்ளினார்கள்.

அடுத்தது ஒரு குளம். உடம்பெல்லாம் சிமென்ட். கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே பலகை, ‘இங்கே குளிக்க’ வரைக்கும் கூட்டுவதற்குள் தாண்டிவிட்டது. எவ்வளவு பண்பான ஊர் பார் என்று படிக்கட்டில் காலை ஊன்றி இறங்கி, சோப்பு போட்டு, தலைக்கும் தேய்த்து, வேட்டியையும் அலசினேன். பக்கத்துப் பம்பு அறையிலிருந்து ஒருவர் அலறிக்கொண்டு வந்தார். “அய்யா! அய்யா! ஊரே குடிக்கிற தண்ணி அது!” நான், “அப்படியா? அதான் இவ்வளவு சுத்தமா இருக்கு” என்றேன். “இருந்துச்சு!” என்றார். நான் ஈர வேட்டியோடு பெடல் மிதித்துக் காயவைத்துக்கொண்டே போனேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நம் பேச்சில் ‘கூடாது’, ‘மாட்டேன்’, ‘இல்லை’, ‘வேண்டாம்’ எல்லாம் வால் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. போ என்கிற மாதிரி ஆரம்பித்துப் போகாதே என்று முடிக்கிறார்கள். லிஃப்டில் அப்படிக் கிடையாது. சிவப்பு விளக்கு முதலில் எரியும், மற்றதெல்லாம் பிறகு. இது தெரிந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. பெரிதாக மாட்டிக்கொள்வது இன்னும் பாக்கி இருந்தது.

பச்சை ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. மரம் குட்டையாகி, குட்டை மரம் புதராகி, புதர் முள்ளாகி, முள்ளும் போய், ஒருநாள் காலையில் பார்த்தால் மணல் மட்டும்தான். வரைபடத்து மஞ்சள் பொய் சொல்லவில்லை. வானம் அவ்வளவு பெரிசும்மா! ஆளுயரப் பெட்டிக்குள்ளேயே நின்றவனுக்கு முதலில் தலை சுற்றியது, கதவு எங்கே என்று தேடினேன். பிறகு பழகி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டே மிதித்தேன். அப்போது ஒரு பலகை, ‘இனி தண்ணீர் கிடைக்’ வரைக்கும் வந்தது. கிடைக்கும் என்று நானே முடித்துக்கொண்டேன். பாட்டிலில் இருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றி, மிச்சத்தில் சைக்கிள் மணியைக் கழுவினேன். தூசியில் அது சரியாக அடிக்கவில்லை. அதற்குப் பிறகு பார்த்தால் தண்ணீரும் இல்லை, ஆளும் இல்லை, கிலோமீட்டர் கல்லும் இல்லை. எல்லாக் கல்லையும் மணல் மூடிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இறங்கி உட்காரலாம் என்றால் இறங்க வழியில்லை. விழுந்தால் எழுந்து ஏற முடியாது. பாட்டும் நின்றுபோனது. மிதித்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில், எதிரே மணலைத் தள்ளிக்கொண்டு ஒரு மஞ்சள் இயந்திரம் வந்தது. சாலையில் சேர்கிற மணலை ஓரத்துக்குத் தள்ளுவதுதான் அதன் வேலை, பின்னாலேயே காற்று மறுபடி கொண்டுவந்து போடும். ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு அம்மாள்.

“நில்லுங்க பெரியவரே! எங்க போறீங்க இந்த வெயில்ல?”

“நிக்க முடியாதும்மா! கல்லைக் காணோம்!”

வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தாள். இயந்திரத்தைத் திருப்பி என் பக்கத்திலேயே ஓட்டிவந்து, “படியைப் பிடிங்க, படியைப் பிடிங்க” என்று கத்தினாள். பிடித்தேன், இறங்கினேன், குடித்தேன். ஒரு குடம் குடித்திருப்பேன். கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “இனிமே பலகையில கடைசி வார்த்தையை முதல்ல படிங்க. அதுலதான் சூட்சுமம் இருக்கு” என்று சொல்லிக் கைகாட்டிவிட்டுப் போனாள்.

சொன்னபடியே செய்தேன். அதிலும் வினைதான். எனக்கு அவசரமாக இருந்த ஒரு சமயத்தில் ஒரு கட்டடம், பலகையின் கடைசி வார்த்தை ‘இல்லை’. சரி, ஏதோ இல்லையாக்கும் என்று போய்விட்டேன். அது கழிப்பறையாம், ‘கட்டணம் இல்லை’யாம். நான் பட்ட பாடு எனக்கும் அந்தப் பாலைவனத்துக்கும்தான் தெரியும். பிறகு இந்த விடுதி வந்தது. கடைசி வார்த்தை ‘காலி’. அடப்பாவமே, இதுவும் காலியா, நல்லா நடந்துகிட்டு இருந்திருக்குமே என்று வருத்தப்பட்டுக்கொண்டே தாண்டினேன். விடுதிக்காரர் வாசலிலிருந்து, “என்னங்க, அறை காலின்னு இவ்வளவு பெருசா எழுதிப் போட்டிருக்கேன், துக்கம் விசாரிக்கிற மூஞ்சியோட போறீங்களே?” என்று கூப்பிட்டு, என்னை அலாக்காகத் தூக்கி இறக்கினார்.

அறை நன்றாக இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு வாளி, ஜன்னலைத் திறந்தால் மணல், மூடினாலும் மணல். லாரிக்காரர்கள் வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். குழாய்க்கு மேலே ‘தண்ணீரை வீணாக்காதீர்’ என்று எழுதியிருந்தது. நான் பக்கத்திலேயே சாக்கட்டியால், ‘கூடாது! தண்ணீரை வீணாக்க’ என்று எழுதிவைத்தேன். விடுதிக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “இது என்ன தமிழ்ங்க?” என்றார். “ஓடிக்கிட்டே படிக்கிறவங்க தமிழ்” என்றேன். அழிக்காமல் வைத்திருக்கிறார்.

இந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் உங்கள் பையன் வந்துவிடுவார் என்றும் அவர் சொல்கிறார். என் மருமகள் வேகமாகப் படிப்பாள் என்று பதில் சொல்லியிருக்கிறேன். ஆகையால் அம்மாடி, சுருக்கமாக மறுபடியும் சொல்கிறேன். நான் திடமாக இருக்கிறேன், எனக்கு ஒரு ஆபத்தும் நேரவில்லை என்பது மேலே படித்ததிலேயே உனக்குப் புரிந்திருக்கும். உன் வீட்டுக்காரனை வேனில் ஏறவிடாதே. பேத்திக்கு என் முத்தம். உன் கடை வியாபாரம் ஓகோ என்று நடக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கலாம், ஆனால் அதற்கு ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் வர வேண்டும். ஆகவே சோப்பும் சீப்பும் பவுடரும் மட்டும் அமோகமாக விற்கட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமனாரும் மாணவனும்.

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். உன் வீட்டுக்காரன் வந்துவிட்டான். போயும்விட்டான்.

உறையில் எச்சில் தடவிக்கொண்டிருந்தேன், வேன் வந்து நின்றது. இறங்கினான். கும்பிடவும் இல்லை, கோபப்படவும் இல்லை, கதவைத் திறந்து மெத்தையைத் தட்டிக் காட்டினான்.

“ஏறுங்க.”

“மாட்டேன்.”

“அப்பா, உங்க வயசு என்னன்னு தெரியுமா?”

“தெரியாம என்ன? அதுவும் கேரியர்ல உக்காந்து கூடவேதான் வந்துக்கிட்டு இருக்கு. ஒரு தொந்தரவும் பண்ணல.”

விடுதிக்காரர், “தம்பி, முதல்ல டீ குடிங்க, சண்டை எங்கயும் போயிடாது” என்றார். டீயைக் குடித்துக்கொண்டே சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “இந்த டப்பாவையா இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தீங்க? பிரேக்காவது பிடிக்குதா?” என்றான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். “பிடிச்சுத்தான் பாரேன்” என்றேன். அவன்தான் அவங்க அம்மா பக்கத்து உயரமாச்சே, சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் சப்பென்று தரையில் இருக்கிறது! முற்றத்தில் ஒரு சுற்று வந்தான், முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் மணியடித்தான். மூன்றாவது சுற்றில் அவன் முகத்தைப் பார்த்தேன். மெத்தைக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து மெத்தை மாதிரியே ஆகிவிட்ட என் பையன், சின்ன வயதில் லிஃப்டில் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. “கேட் வரைக்கும் போயிட்டு வரேன்ப்பா” என்றான். எந்த கேட் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

டீ ஆறிப்போனது. விடுதிக்காரர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “பெரியவரே, உங்க பையன் திரும்பற மாதிரி தெரியல” என்றார். மத்தியானம் போன் வந்தது. ஒரே காற்றுச் சத்தம்.

“அப்பா! காத்து பின்னாடியிருந்து தள்ளுதுப்பா! காலைச் சும்மா வச்சிருந்தாலே போவுது!”

“டேய், திரும்பி வாடா!”

“திரும்பினா காத்து எதிர்ல அடிக்கும்ப்பா. நேராப் போறதுதான் புத்திசாலித்தனம். அந்த ஊர்ப் பலகையை போட்டோ எடுத்து அனுப்பறேன், நீங்க மெத்தையில சாஞ்சுக்கிட்டே படிங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனையே கடித்திருப்பேன், பல்லை நினைத்து விட்டுவிட்டேன். போட்டோவாம்! ஊர்ப் பேரை அவனிடம் யார் சொன்னது என்று கேட்கிறாயா? பாலைவனத்தில் இருப்பது ஒரே சாலை, அதற்கு ஒரே முடிவு. நான் ஒளித்துவைத்ததுதான் முட்டாள்தனம்.

வேன் சாவியோடு இங்கே நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது, அதில் மேலே போகிற பொத்தானும் இல்லை. விடுதிக்காரருக்கு ஓட்டத் தெரியும். பிறந்ததிலிருந்து இந்தச் சாலையோரத்திலேயே இருந்தும், சாலை முடிகிற இடத்தை அவர் பார்த்ததே இல்லையாம். “பூட்டிட்டுக் கிளம்புவோமா?” என்று அவரேதான் கேட்டார். கேட்டுவிட்டு வெட்கப்பட்டார். இந்த உறையை லாரிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறோம். உன் வீட்டுக்காரனை வழியிலேயே மடக்கி, அதே மெத்தையில் படுக்கவைத்து, அவனிடமிருந்து என் சைக்கிளை மீட்டு, மீதித் தூரத்தை நானே மிதிக்கப் போகிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவன் போன் செய்தால் நாங்கள் பின்னால் வருகிறோம் என்று சொல்லாதே. பார்த்துப் போங்கள் என்றும் சொல்லாதே. சொன்னால் இன்னும் வேகமாகப் போவான், என் ரத்தம். எங்கள் இரண்டு பேரில் பலகையை யார் முதலில் படித்தது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் அவன் போனில் என்ன சொன்னாலும் நம்பாதே. எழுத்தில் வந்தால்தான் செல்லும்.